தறிச்சத்தத்துல தொலைஞ்ச உயரம்

போன வாரம் எடப்பாடி போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மகனைக் காட்டி, "தம்பி, எட்டாவது படிக்கிறான், பாக்க அஞ்சாவது பையனாட்டம் இருக்கானுங்க. உசரமாக பவுடர் விக்கிறாங்களாமா, வாங்கிக் குடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டாங்க.

பையன் என்ன பண்றான்னு விசாரிச்சேன். சாயங்காலம் வந்ததும் தார் சுத்த உக்காந்தா ராத்திரி பதினொரு மணி ஆயிடுமாம். விடிகாலைல மறுபடி எழுப்பிடறாங்க. வீட்டோட ஒட்டி விசைத்தறி. அந்தச் சத்தத்துல எங்கேருந்து தூங்கறது?

இங்கதான் மக்களே விஷயம். மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிதான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்குது. நாள் பூரா சீரா இல்ல, விட்டு விட்டு. பெரிய அலை வர்றது தூங்கின கொஞ்ச நேரத்துல, ஆழ்ந்த தூக்கத்துல. அது ஈரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 சுரக்க வெச்சு, எலும்பு நுனியில இருக்கிற குருத்தெலும்புத் தட்டை வளர வைக்குது. சத்தான சாப்பாடு இல்லேன்னா ஹார்மோன் இருந்தும் ஐ.ஜி.எஃப்-1 குறைஞ்சிடும். ஓயாத அலுப்பும் பயமும் கார்டிசாலை ஏத்திவிட்டா அதுவும் வளர்ச்சிக்குத் தடைதான். பருவம் முடியறப்போ அந்தத் தட்டு மூடிக்கும். அப்புறம் எந்தப் பவுடரும் உயரத்தைக் கூட்டாது.

1967-ல் அமெரிக்காவுல பால்டிமோர் டாக்டர்கள் வளராம நின்ன 13 பிள்ளைகளைப் பத்தி எழுதினாங்க. வீட்டுச் சூழல் மோசம். இடம் மாத்தினதும் ஹார்மோன் ஊசி இல்லாமலே மளமளன்னு வளர ஆரம்பிச்சிடுச்சுங்க.

"சுமை தூக்கினா குள்ளமாயிருவே"ன்னு பாட்டிமாருங்க சொல்றது பாதிதான் நிஜம். முறையா செய்யற உடற்பயிற்சி வளர்ச்சியைக் கெடுக்காது. அரை வயிறு, அரைத் தூக்கம், முழு வேலை... மூணும் சேந்தாதான் வினை.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினாங்க. 2017-ல் வந்த விதிப்படி, 14 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளை வீட்டுத் தொழில்ல ஒத்தாசை பண்றதா இருந்தாலும் ராத்திரி 7 மணிலேருந்து காலைல 8 மணி வரைக்கும் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஹார்மோன் வேலை செய்யற நேரமும் அதுக்குள்ளதானே வருது!

தறி ஓடலேன்னா அடுப்பு எரியாதுங்கறது எனக்கும் தெரியும். நானும் தறிக்காரன் வீட்டுப் புள்ளதான். ஆனா ராத்திரித் தாரை பெரியவங்க சுத்தலாம். அவன் வளர்ச்சியை அவன்தானே வளரணும்?

அக்காகிட்ட சொன்னேன்: "பவுடர் காசுல முட்டை வாங்குங்க. ஒன்பது மணிக்குத் தூங்க விடுங்க. குள்ளமா இருக்கிறதுக்கு பரம்பரை, தைராய்டுன்னு வேற காரணமும் இருக்கலாம், ஒருதரம் குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அக்கா தறியைத் திரும்பிப் பாத்தாங்க. பதில் சொல்லல.