பட்டன் தட்டுவதும் ஒரு விளையாட்டா?

“டேய், எத்தனை நேரமா அந்தச் செல்லையே நோண்டிக்கிட்டிருப்பே? கொஞ்சம் வெளியே போய் விளையாடேன்டா!”

“நானும் விளையாடிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்! இதுவும் ஸ்போர்ட்ஸ்தான். ஏஷியன் கேம்ஸ்ல மெடலே கொடுக்கறாங்க, தெரியுமா?”

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு நடக்காத மாலைப்பொழுது அபூர்வம். அம்மாவுக்கு அது வெட்டிப் பொழுதுபோக்கு. பிள்ளைக்கு அது ஸ்போர்ட்ஸ். அப்பாவோ பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு பக்கமும் சேராமல் தப்பித்துக்கொள்வார்! யார் சொல்வது சரி? இந்த முறை அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்று. பிள்ளை சொல்வது பொய்யில்லை, சகோதரிகளே! 2023-ம் வருஷம் செப்டம்பர் கடைசியில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. 2022-ல் நடக்க வேண்டியவை, கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போயின. ஓட்டம், நீச்சல், கபடி, ஹாக்கி இவற்றோடு கூட, போட்டியாக ஆடும் வீடியோ கேமுக்கும் அங்கே முதன்முறையாக நிஜப் பதக்கம் கொடுத்தார்கள். இதற்கு இ-ஸ்போர்ட்ஸ் என்று பெயர். ஏழு விளையாட்டுகள், ஏழு தங்கம். பதக்கப் பட்டியலில் நீச்சல் தங்கத்துக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் இதற்கும்.

அதில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை விளையாட்டில் தங்கம் வாங்கியவர் தென் கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? 44! “சின்னப் பசங்க விளையாட்டு” என்று நாம் ஒதுக்குவதில் நாற்பத்து நாலு வயசுக்காரர் ஒருவர் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்ற இன்னொரு விளையாட்டிலும் கொரியாவுக்கே தங்கம். அந்த நாட்டில் வாலிபர்கள் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டும். ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கினால் அதிலிருந்து விலக்கு உண்டு. ‘ஃபேக்கர்’ என்று உலகமே அழைக்கும் லீ சாங்-ஹியோக்குக்கு அப்படித்தான் விலக்குக் கிடைத்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியில் இதைக் காட்சிப் போட்டியாக மட்டும் வைத்திருந்தார்கள். அதில் ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டு விளையாட்டில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். பதக்கக் கணக்கில் அது சேரவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டமும் இதைப் போட்டி விளையாட்டாக ஒப்புக்கொள்கிறது.

“அதெல்லாம் சரிங்க, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் விரலை மட்டும் ஆட்டறது எப்படிங்க ஸ்போர்ட்ஸ் ஆகும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வியர்வையை மட்டும் வைத்து அளந்தால், நாம் கொண்டாடுகிற செஸ் என்னாவது? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே செஸ் சம்மேளனத்தை அங்கீகரித்துவிட்டது. நம் குகேஷ் 2024-ல் உலக சாம்பியன் ஆனபோது, “உட்கார்ந்துகிட்டுத்தானே ஜெயிச்சான்?” என்று யாராவது சொன்னோமா? துப்பாக்கி சுடுதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக்கில் ஆதியிலிருந்தே இருக்கிற விளையாட்டு. அதில் உடம்பை அசைக்காமல் நிற்பதுதான் சாமர்த்தியமே!

விரல் வேலை என்று அலட்சியம் செய்யவும் முடியாது. ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் கைதேர்ந்தவர்கள் நிமிஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் விசையைத் தட்டுகிறார்கள். ஃபேக்கரே 2023 ஜூலையில் கை வலியால் சில வாரம் ஆட முடியாமல் ஒதுங்கியிருந்தார். கிரிக்கெட்காரருக்குத் தோள்பட்டை போல இவர்களுக்கு மணிக்கட்டு. இவர்களுக்கும் பயிற்சி, கோச், எதிராளியின் ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்க்கிற பாடம், தோற்றால் ஒப்புக்கொள்கிற மனசு எல்லாம் உண்டு. ஆகவே, மேல்மட்டத்தில் நடப்பது திறமைக்கும் திறமைக்கும் நடக்கிற நிஜப் போட்டிதான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் மற்ற விளையாட்டுகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். கபடிக்குச் சொந்தக்காரர் யார்? கால்பந்துக்கு? யாருமில்லை. ஒரு பந்து போதும், எந்தத் தெருவிலும் ஆடலாம். வீடியோ கேம் அப்படியா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி சொந்தக்காரர். விதியை மாற்றலாம், கடையையே இழுத்து மூடலாம். பப்ஜியை ஞாபகமிருக்கிறதா? 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. 2021-ல் வேறு பெயரில் இந்தியாவுக்கென்று வந்தது. 2022 ஜூலையில் அதுவும் மறைந்தது. 2023-ல் மறுபடி வந்தது. அதை நம்பிப் படிப்பைத் தள்ளிவைத்த பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றது போலத்தானே!

ஒலிம்பிக் கமிட்டியும் இன்னும் தயங்குகிறது. இ-ஸ்போர்ட்ஸுக்கென்று தனி ஒலிம்பிக் நடத்த 2024-ல் சவூதி அரேபியாவோடு ஒப்பந்தம் செய்தார்கள். 2025 அக்டோபரில் அது முறிந்துவிட்டது. ஆளை ஆள் கொல்வது போன்ற விளையாட்டுகளுக்கு அங்கே இடமில்லை என்பதை முன்பே சொல்லியிருந்தார்கள். ஹாங்சோவில்கூட பப்ஜியை அப்படியே வைக்கவில்லை. ஒருவரை ஒருவர் சுடாமல், குறிப்பலகைகளைச் சுடும்படி மாற்றித்தான் வைத்தார்கள்.

சரி, உலக விவகாரம் போகட்டும். நம் கூடத்துக்கு வருவோம். “இது ஸ்போர்ட்ஸ்” என்று பிள்ளை சொன்னால், “சரிப்பா, ஒத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். பிறகு அதே மூச்சில், “அப்ப ஸ்போர்ட்ஸ்காரன் மாதிரி நடந்துக்கோ” என்றும் சொல்லுங்கள். எந்த நிஜ விளையாட்டு வீரனும் ராத்திரி இரண்டு மணி வரை பயிற்சி செய்துவிட்டு, காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதில்லை. அவனுக்குத் தொடங்கும் நேரம் உண்டு, முடியும் நேரம் உண்டு. தூக்கம் உண்டு, சாப்பாடு உண்டு, உடற்பயிற்சியும் உண்டு. தெருவில் மட்டை பிடிக்கிறவன் எல்லாம் டெஸ்ட் வீரன் இல்லை அல்லவா? அதே போலத்தான், செல்போனில் ஆடுகிறவன் எல்லாம் இ-ஸ்போர்ட்ஸ் வீரன் இல்லை.

“நான் இதையே தொழிலா எடுத்துக்கப் போறேன்” என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. அவனிடம் கோபப்படாமல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வீடியோ கேமுக்குப் பேர்போன கொரியாவிலேயே, லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் முதல்தர லீகில் பத்து அணிகள். அணிக்கு ஐந்து பேர் களத்தில். ஆக மொத்தம் ஐம்பது இடம்! ஐந்து கோடிப் பேர் உள்ள நாட்டில் ஐம்பது இடம். கனவு காணக் கூடாது என்றில்லை. ஆனால் புஸ்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காணக் கூடாது.

இப்போது உடம்பு விஷயம். இதுதான் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. சட்டம் இதை ஸ்போர்ட்ஸ் என்று சொல்லிவிட்டது என்பதற்காக, உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது! ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமோ ஆட்டமோ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல் ஆட்டம் இந்தக் கணக்கில் சேராது. செஸ் ஆடுகிற பிள்ளைக்கும் இதே கதிதான். இரண்டு பேருமே தனியாக ஓடித்தான் ஆகவேண்டும்.

கண்ணும் அப்படியே. சிறு வயதில் வெளிச்சத்தில், திறந்த வெளியில் ஆடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தைவான் நாட்டுப் பள்ளிகளில் இதற்காகவே 2010 முதல், தினமும் 120 நிமிஷம் பிள்ளைகளை வெளியே அனுப்பும் திட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ திரையே வேண்டாம். “சாப்பிட மாட்டேங்குது, செல்லைக் காட்டினாத்தான் வாயைத் திறக்குது” என்கிற இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்கவும்! இரண்டிலிருந்து நாலு வயது வரை, உட்கார்ந்து பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.

சில வீடுகளில் இது ஆசை என்ற எல்லையைத் தாண்டி நோயாகிவிடுகிறது. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அடையாளம் மூன்று. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை. சாப்பாடு, படிப்பு, சிநேகிதம் எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகிவிடுவது. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஒரு வருஷம் இப்படி இருந்தால்தான் நோய் என்று முடிவு செய்வார்கள்; மிகவும் முற்றிவிட்டால் அதற்கு முன்பேயும். அதற்காக வருஷம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளிக்குப் போக மறுத்தாலோ, பிடுங்கினால் சாமான்களை உடைத்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே சமயம், லீவு நாளில் இரண்டு மணி நேரம் ஆடுகிற எல்லாப் பிள்ளையையும் நோயாளி ஆக்கிவிடவும் வேண்டாம்.

பணம் வைத்து ஆடுவது முற்றிலும் வேறு. ரம்மி, போக்கர் என்று காசு கட்டி ஆடுவதை இ-ஸ்போர்ட்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன 2025-ம் வருஷச் சட்டமே, ஒரு கையால் இ-ஸ்போர்ட்ஸை ஆதரித்து, மறு கையால் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. உங்கள் செல்லில் பாங்க் கணக்கு இருந்தால், அதன் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். துப்பாக்கிக்குக் கலர், சட்டைக்குக் கலர் என்று ஐம்பதும் நூறுமாகக் கரைவது மாசக் கடைசியில்தான் தெரியும்!

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவைச் சேர்ந்த லீ சியாவ்மெங் என்ற பெண், ஒரு சமயம் போட்டிக்கு வரிசையில் நின்றபோது, “பொண்ணுக்கு இங்கே என்ன வேலை?” என்கிற மாதிரிப் பேச்சுக் கேட்டாராம். அதே பெண் 2019-ல் அமெரிக்காவில் நடந்த ஹார்த்ஸ்டோன் உலக இறுதிப் போட்டியில் ஜெயித்தார். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண் அவர்தான். ஓட வேண்டாம், எடை தூக்க வேண்டாம் என்கிற இந்த விளையாட்டிலும் பெண்ணைத் தள்ளி நிறுத்துகிறார்கள் என்றால், குறை உடம்பில் இல்லை, மனசில்தான் இருக்கிறது. அண்ணன் ஒரு மணி நேரம் ஆடலாம் என்றால் தங்கையும் ஒரு மணி நேரம் ஆடட்டும். தங்கை வெளியே போய் ஓட வேண்டும் என்றால் அண்ணனும் ஓடட்டும்.

கடைசியாக, வீட்டில் செய்யக் கூடியவை சில:

முதலில் ஒரு நாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்னடா? யாரு யாரோட ஆடறாங்க?” என்று கேளுங்கள். ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்கள். கேலி செய்கிற அம்மாவிடம் பிள்ளை மறைப்பான். கேட்கிற அம்மாவிடம் சொல்வான். யாரோடு பேசுகிறான், என்ன பாஷையில் பேசுகிறான் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பாதி ஆட்டத்தில் செல்லைப் பிடுங்காதீர்கள். கூட்டாக ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. இவன் விலகினால் கூட இருக்கிற மற்றவர்களும் தோற்பார்கள். பாதி சண்டை இதனால்தான்! “ஏழு மணிக்கு நிறுத்து” என்பதற்குப் பதிலாக, “இன்னும் இரண்டு ஆட்டம், அதோட முடிஞ்சது” என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பேச்சிலிருந்து நீங்களும் மாறக் கூடாது, அவனும் மாறக் கூடாது.

மூன்றாவது, வெளி ஆட்டம் முதலில், திரை ஆட்டம் பிறகு. மைதானத்துக்கு வழியில்லையா? மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் கயிறு போதும்.

நாலாவது, ராத்திரி எல்லார் செல்லும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லார் செல்லும் என்றால், அப்பாவுடையதும், உங்களுடையதும்தான்!

இ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டுதானா என்று கேட்டால், ஆமாம் என்பதே என் பதில். ஆனால் அது செஸ்ஸுக்குத் தங்கை; கபடிக்கு மாற்று அல்ல. பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கட்டும். மெடல் வாங்குவானோ இல்லையோ, உடம்பும் கண்ணும் ஆயுசுக்கும் அவனோடுதான் வரப் போகின்றன.