காஞ்ச பிரஷ்ஷும் காபிப்பொடி லேபிளும்

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம் சித்தி போன் பண்ணாங்க. "வீட்டுல அரைக்கிற காபிப்பொடியைப் பாக்கெட் போட்டு விக்கப் போறேன்டா, ஒரு லேபிள் பண்ணிக் கொடு." பொட்டி தட்டுறவனுக்கு லேபிளும் வரும்னு நம்ம வீடுகள்ல ஒரு நம்பிக்கை!

காஞ்ச பிரஷ்ஷால இழுத்த மாதிரி, நடுநடுவே வெள்ளைக் கீறலோட இருக்குற ஒரு ஆங்கில எழுத்துருவை எடுத்தேன். பேரு, விலை, எக்ஸ்பைரி தேதி எல்லாமே அதுலதான். ஸ்க்ரீன்ல சும்மா அள்ளுச்சு. 200 ஸ்டிக்கர், சித்தி காசு.

அச்சாகி வந்தப்பதான் தெரிஞ்சுது. ஆங்கிலத்துல காஃபிக்கு ரெண்டு எஃப், ரெண்டு ஈ. ரெண்டு எஃப்லயும் அதே இடத்துல அதே கீறல். தேதியைப் பார்த்தா, கரப்பான்பூச்சி மையை மிதிச்சுட்டு ஓடின மாதிரி இருக்கு. சித்தி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "இது மூணா, எட்டாடா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த மாதிரி எழுத்துரு, 'இதை ஒரு கை எழுதியிருக்கு'ன்னு நம்ப வைக்குற வேலை. ஒரே கீறல் ரெண்டு தடவை வந்தா குட்டு வெளிப்பட்டுடும். 1942-ல ராபர்ட் இ. ஸ்மித் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காகச் செஞ்ச 'பிரஷ் ஸ்க்ரிப்ட்'டுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கும். 1953-ல பிரான்ஸுல ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தை வச்சே 'மிஸ்ட்ரால்' செஞ்சார். ஈய அச்சுலயே எழுத்துகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்கும்! 2011-ல வந்த 'டிரைவ்' படத்து டைட்டில்ல பிங்க் கலர்ல வருமே, அதுதான்.

இப்ப வர்ற நல்ல எழுத்துருக்கள்ல ஒரே எழுத்துக்கு ரெண்டு மூணு வடிவம் வச்சிருப்பாங்க. ஓப்பன்டைப் வசதியை ஆன் பண்ணா மாத்தி மாத்தி வரும். ஆன் பண்ணாம விட்டுட்டு எழுத்துருவைத் திட்டக் கூடாது (அனுபவம், ஹி ஹி).

என் கட்சி இதுதான். பேரு, போஸ்டர் தலைப்பு, டி-சர்ட்னு ஒண்ணு ரெண்டு வார்த்தைக்கு, பெருசா மட்டும் போடுங்க. சின்னதாக்கினா கீறல் அழுக்காயிடும். ஸ்டிக்கர் கட்டிங்குக்குக் கொடுத்தா அந்தப் பொடிப்பொடி ஓட்டையை மெஷின் வெட்டத் திணறும். விலை, தேதி, போன் நம்பர், சேர்மானம் இதுக்கெல்லாம் தெளிவான சாதா எழுத்துதான். திங்குற பொருள்ல தேதி புரியலைன்னா அது அழகுப் பிரச்சினை இல்லீங்க, வாங்குறவங்களை ஏமாத்துறது.

ரெண்டாவது லேபிள்ல பேரு மட்டும் பிரஷ், மிச்சமெல்லாம் சாதா. காசு என்னோடது. சித்தி கண்ணாடி இல்லாமலே படிச்சாங்க.

டிஸ்கி: பழைய 200-ஐயும் சித்தி தூக்கிப் போடலை. ஒவ்வொண்ணுலயும் தேதியைப் பேனாவால எழுதி ஒட்டிட்டாங்க. நிஜமாவே கையால எழுதினது அது ஒண்ணுதான்!