கேத்தரின் அதை யாரிடம் சொன்னாள்?

எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலில், தானும் ஹீத்கிளிஃபும் வேறல்ல என்கிறாள் கேத்தரின். காதலில் கரைந்த பெண்ணின் உச்சம் என்றே நமக்கு இதைச் சொல்லித்தந்தார்கள்.

ஆனால் அவள் அவனிடம் சொல்லவில்லை. எட்கர் லிண்டனை மணக்கச் சம்மதித்த நாளில், சமையலறையில், பணிப்பெண் நெல்லியிடம் சொல்கிறாள். அவனை மணப்பது தனக்கு இழிவு என்றதைக் கேட்டு ஹீத்கிளிஃப் ஏற்கெனவே வெளியேறிவிட்டான்.

லிண்டனின் பணத்தால் அவனை உயர்த்தலாம் என்று கணக்குப் போடுகிறாள். அன்றைய ஆங்கிலேயச் சட்டத்திலோ மனைவி கொண்டுவரும் பணமே கணவனுடையது. 1882இல்தான் அது முழுதாக மாறியது. லிண்டன் வீட்டுச் சீமாட்டி ஆகப்போகிறவள், மேட்டுவெளியில் ஓடித்திரிந்த தன்னை அவன் பெயருக்குள் ஒளித்துவைக்கிறாள். இது சரணாகதி அல்ல. மீட்கத் தவிக்கும் குரல்.

தோழியரே, இந்த வரியைக் காட்டி உங்களைக் கரையச் சொல்பவர்களிடம் கேளுங்கள்: கேத்தரின் அதை யாரிடம் சொன்னாள்?