“அண்ணாச்சி, போன தடவை கொடுத்ததே கொடுங்க”

தூத்துக்குடியில் எந்த மெடிக்கல் வாசலில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கையில் காலி அட்டை இருக்கும். இல்லாவிட்டால் மடித்து மடித்து நாலாகக் கிழிந்த சீட்டு. அதில் தேதி எப்போதோ அழிந்திருக்கும். பிரஷரோ சுகரோ ஒருமுறை கண்டுபிடித்து மாத்திரை எழுதிவிட்டால் ஆயுசுக்கும் அதேதான், மறுபடி டாக்டரிடம் போவது பீஸுக்குப் பிடித்த தண்டம் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் ஒரேபோல ஊறிக்கிடக்கிறது. அது தவறு. ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

இந்த எண்ணம் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருப்பதுதான். சுகரும் பிரஷரும் பெரும்பாலும் வாழ்நாள் நோய்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது சரி. ஆனால் அளவும் வாழ்நாளுக்கு ஒன்றே என்று யார் சொன்னது? ஐம்பது வயதில் சுகருக்கு எழுதிய கிளிமிபிரைடு மாத்திரையை அதே அளவில் எழுபது வயதிலும் விழுங்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குள் சிறுநீரகம் தளர்ந்திருக்கும், சாப்பாடு குறைந்திருக்கும். மருந்தின் வேகம் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். நள்ளிரவில் சுகர் இறங்கும், வேர்த்துக்கொட்டும், பேச்சு குழறும், எழுந்தால் விழுவார். வீட்டில் உள்ளவர்கள் ‘வயசாகிவிட்டது’ என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையும் அளவைக் குறைத்து எழுதிய ஒரு சீட்டும் தடுத்திருக்கக்கூடிய விபத்து அது.

வேம்பாரிலிருந்து முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை நீளும் உப்பளங்களில் இந்தத் தவறு இன்னும் கொடூரமாகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுக்கப் பாத்தியில் நிற்கும் பெண்ணுக்கு உடம்பில் தண்ணீர் வற்றுகிறது. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த உடம்பில் லோசார்டன், டெல்மிசார்டன் வகை பிரஷர் மாத்திரை, கூடவே மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் என்று இரண்டும் சேர்ந்தால் அடி நேராகச் சிறுநீரகத்தில் விழும். பிரஷர் மாத்திரை எழுதிய டாக்டருக்கு வலி மாத்திரை தெரியாது. வலி மாத்திரை கொடுத்த கடைக்கு முதல் சீட்டே தெரியாது. இரண்டும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் டாக்டரின் மேசை. அங்கேதான் நாம் போவதில்லை.

மூச்சிரைப்புக்கு ஐந்து நாளைக்கென்று எழுதப்பட்ட ஸ்டீராய்டை வருடக்கணக்கில் வாங்கித் தின்பவர்களும் இருக்கிறார்கள். பசி எடுக்கிறது, வலி பறக்கிறது, வேறென்ன வேண்டும்? முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு வலுவிழக்கும். பயந்துபோய் திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆவது விதி தெளிவானது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ‘அட்டவணை ஹெச்’ மருந்து எழுதிய சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து கொடுக்கலாம். மேலும் கொடுக்கலாம் என்று டாக்டரே சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் மறுபடி கொடுக்கலாம். எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளி என்று அவர் எழுதியிருந்தால் அதன்படிதான். கொடுத்த கடையின் பெயரும் முகவரியும் தேதியும் சீட்டிலேயே பதியப்பட வேண்டும். டாக்டர் எழுதுவதில்லை, கடை பதிவதில்லை, நாம் கேட்பதில்லை. நம் ஊரில் சீட்டு ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிட்டது: காட்டினால் போதும், சரக்கு வரும்.

இப்போது காட்டக்கூட வேண்டியதில்லை. கப்பலிலோ வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் அப்பாவின் பழைய சீட்டுப் போட்டோவைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான், ஜிபேயில் பணம் போடுகிறான், மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. பணம் போய்ச் சேர்ந்தால் அப்பா நலமாக இருக்கிறார் என்று அவன் நம்புவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. 2020 மார்ச்சில், ஊரடங்கு நேரத்தில், வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்க மத்திய அரசு அனுமதித்தபோதுகூட, நாள்பட்ட நோய்க்கான சீட்டு எழுதி 30 நாளுக்குள் கடைக்கு வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்த நெருக்கடியிலேயே பழைய சீட்டை ஏற்கவில்லை.

‘ஒரு நாள் கூலி போகுமே, பீஸ் யார் கொடுப்பது?’ என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கிறவனுக்கு இதைப் பற்றிப் பேச உரிமையில்லை. ஆனால் அதற்கு வழியே இல்லை என்பது உண்மையல்ல. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்கள் பையில் மாத்திரையோடு பிரஷர் கருவியும் சுகர் கருவியும் இருக்கின்றன. இலவச மாத்திரையில் ‘பவர் இல்லை’ என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிரஷரே பார்க்காத கடையில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் நம் தெருக்களிலேயே உண்டு. மாத்திரையோடு சேர்ந்து வரும் பரிசோதனையையும் அல்லவா திருப்பி அனுப்புகிறோம்!

2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் இருக்கின்றன. அதே நோய்க்கு நேரில் பார்த்த டாக்டர், ஆறு மாதத்துக்குள் போனிலேயே விசாரித்து அதே மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். தருவைக்குளத்திலிருந்து நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிற மீனவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி! கடலுக்குக் கிளம்புமுன் ஒருமுறை பிரஷரும் சுகரும் பார்த்து, அந்த எண்களை டாக்டரிடம் போனில் சொன்னால், பயணத்துக்குத் தேவையான மாத்திரைக்குச் சீட்டு வாங்கிவிடலாம்.

டாக்டர்கள் செய்ய வேண்டியது ஒரு வரிதான்: ‘மூன்று மாதம் தொடரலாம், பிறகு சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை பார்த்து வரவும்’ என்று சீட்டின் அடியில் எழுதுவது. அவர் எழுதாவிட்டால் எழுந்து வருமுன் நாம் கேட்க வேண்டும். அந்த மூன்று மாதம் முடிந்த பிறகு ‘போன தடவை கொடுத்ததே’ என்று நாம் போய் நின்றால், அண்ணாச்சி மாத்திரையை எடுக்காமல் சீட்டின் தேதியை நம்மிடம் காட்ட வேண்டும்.