கடலிற் கலக்கும் நீர் வீண்நீரா?

கொள்ளிடம் இருகரை தொட்டு ஓடும் ஆண்டுகளிலெல்லாம் தமிழ்நாட்டில் ஓர் ஓலம் தவறாது எழுகின்றது. காவிரி நீர் கடலிற் கலந்து வீணாகின்றதே என்பதே அவ் ஓலம். 2018 ஆகசுட்டுத் திங்களில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து, வெள்ளம் கொள்ளிடத்திற் பாய்ந்தபோது அது விண்ணை முட்டியது. மதகுகளைப் பேணாமை பற்றி எழுந்த சினம் முறையானதே. ஆனால் அச் சினத்தோடு சினமாக, கடலுக்குச் சென்ற ஒவ்வொரு துளியும் களவுபோன துளி என்னும் எண்ணமும் மக்கள் நெஞ்சில் ஊன்றப்பட்டது. ஆளுங் கட்சி, எதிர்க் கட்சி என்னும் வேறுபாடு இதில் இல்லை. காவிரி உரிமைக்காக மறியல் செய்து சிறை புகுந்த தமிழ்த்தேசிய இளைஞரும், வறண்ட ஆண்டில் தம் உரிமையைக் கேட்டு முழங்கிவிட்டு, நீர் மிகுந்த ஆண்டில் கடலை நோக்கிக் கைநொடித்துப் புலம்புகின்றனர்.

இச் சொல்லின் கேடு புலம்பலோடு நிற்கவில்லை. தமிழர் 'ஆடுதாண்டு காவிரி' என வழங்கிய இடத்தில், இன்று மேகேதாட்டு என்று கன்னடப் பெயரால் மட்டுமே அறியப்படும் அவ் விடுக்கில், 67 டி.எம்.சி. கொள்ளும் அணையொன்றைக் கட்டக் கருநாடகம் முனைந்து நிற்கின்றது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) அவ் அணைக்கு அது காட்டும் ஏதுக்களுள் ஒன்று, மிகுநீர் கடலிற் சென்று வீணாகின்றது என்பதே! தமிழ்நாட்டு மேடைகளில் நாள்தோறும் முழங்கிய சொல்லே தமிழ்நாட்டிற்கு எதிரான படைக்கலமாகத் தீட்டப்படுகின்றது. எதிரி கையில் வாளைக் கொடுத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொள்வதால் பயன் யாது?

அந் நீர் உண்மையில் எங்கே போகின்றது என்று காணவேண்டுமாயின், கிள்ளைக்குக் கிழக்கே செல்லல் வேண்டும். வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலோடு கூடும் இரு கழிமுகங்களுக்கு இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர்ப் பரப்பில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளாகப் பிச்சாவரக் கண்டற்காடு கிடக்கின்றது. உப்பனாறும் கான்சாகிபு வாய்க்காலும் வயல்களின் வடிநீரை அதனுள் கொண்டுவந்து சேர்க்கின்றன. விடுமுறைக்குப் படகேறிச் செல்வார்க்கு அது கண்கவர் பசும்பந்தல். திரைப்படத்தார்க்குப் பாட்டுக்குரிய பின்புலம். கிள்ளையை அடுத்து வாழும் இருளர்க்கோ அதுவே உலைவாய். இடுப்பளவு நீரில் நின்று வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து உண்ணும் அம் மக்களுக்குக் காடு கருகினால் அடுப்பும் அணையும். கடலிற் பிறந்த இறாற்குஞ்சு வளர்வதற்கு நாடிவரும் தொட்டில் அக் காட்டின் வேரடி நிழலே. அங்கு வளர்ந்து கடலுக்கு மீளும் இறாலைத்தான் கரையோரப் பரதவர் வலைவீசிப் பிடிக்கின்றனர். வீணாகப் போனதென்று வைது தீர்த்த நீர், இவ்வாறு வலையில் இறாலாக ஏறுவதை மேடையினர் அறியார்.

இக் காட்டிற்குத் தமிழில் பெயரில்லாதது போல, அறிவிப்புப் பலகைகளில் 'மாங்குரோவ்' என்று எழுதி வைத்திருக்கின்றனர். கண்டல் என்னும் சொல் கழகக் காலத்து நெய்தற் பாட்டுகளில் ஊன்றி நிற்பது. கழிசூழ்ந்த ஊர்க்குக் கண்டலே வேலி என்று நற்றிணைப் புலவர் கண்டிருந்தனர். அலையின் சினத்தை ஆற்றுவது என்னும் கருத்துத் தோன்ற அலையாத்தி என்பர் முத்துப்பேட்டைப் பக்கத்தார். வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை, உமரி, கழிமுள்ளி என மரமும் செடியும் பிரித்தறிந்து பெயரிட்ட மக்களுக்கு அயற்பெயர் எதற்கு?

தில்லையைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஆதலின் விறகு வெட்டுவாரும் அதற்கு அஞ்சுவர். அம் மரம் செறிந்திருந்தமையாலேயே தில்லை எனப் பெயர் பெற்ற ஊர் இன்று சிதம்பரமாகிவிட்டது. சிற்றம்பலம் என்னும் செந்தமிழ்ச் சொல்லைச் சிதைத்து, சித்து என்றும் அம்பரம் என்றும் வடமொழியிற் பிளந்து, வானவெளி என்று பொருள் பண்ணினர். ஊர்ப்பெயரிலிருந்து மரம் போயிற்று. ஊரிலிருந்தும் மரம் போயிற்று. கோயிலுக்குத் தலமரம் தில்லையே என்று சொல்லுவார், அதனைக் காடாகக் காணவேண்டின் பிச்சாவரத்திற்குத்தான் வரல்வேண்டும். திருமறைக்காடு வேதாரணியம் ஆனதும் இவ்வாறே. காட்டைக் குறித்த பெயர்கள் கழன்றபின், அங்கே காடு இருந்தது என்னும் நினைவும் எளிதிற் கழன்றுவிடுகின்றது.

உப்புநீரில் நிற்கின்றமையால் கண்டல் உப்பை விரும்பும் மரம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. கண்டல் உப்பைப் பொறுக்கும் மரமேயன்றி உப்பை வேண்டும் மரமன்று. வெண்கண்டல் தான் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியிற் கக்குகின்றது. அதன் இலையை நாவில் வைத்தாற் கரிக்கும். சுரபுன்னை வேரிலேயே உப்பை வடிகட்டி நிறுத்துகின்றது. காற்றுப் புகாத சேற்றில் மூச்சுவிடற்கு வெண்கண்டல் ஆயிரக்கணக்கான வேர்முனைகளை ஆணிபோல் மேலே நீட்டுகின்றது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஈட்டிபோல் நீண்டு, பின்னரே உதிர்ந்து சேற்றில் ஊன்றுகின்றது. இத்தனை சூழ்ச்சியும் உப்பை வெல்வதற்கே. ஆற்றின் நன்னீர் வந்து கலக்குங்கால் இம் மரங்கள் தழைக்கும். வாராதபோது உப்பொடு பொருவதிலேயே தம் வலிவையெல்லாம் இழந்து குறுகும்.

இதற்குச் சான்று தெற்கே இருக்கின்றது. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரிக் கடைமடைக் கிளைகள் சென்று சேரும் முத்துப்பேட்டைக் காடு பரப்பிற் பிச்சாவரத்தினும் பெரிது; ஆயினும் வகையிற் சிறிது. அங்கு நிற்பவற்றுள் மிகப் பெரும்பகுதி வெண்கண்டல் ஒன்றே. உப்பை மிகப் பொறுக்கும் அம் மரம் நின்றது, பொறாதவை நின்றிலை. கடைமடையில் நெற்பயிர்க்கே நீரில்லாத ஆண்டுகளில் காட்டைப் பற்றிக் கேட்பார் யார்? 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், நீரோடு வந்த வண்டலிலும் ஒரு பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. கழிமுகத்து மண் வளராது கரைகின்றது.

காட்டழிவிற்குப் பழி ஏற்றவர் யாவர் என்பதும் எண்ணத்தக்கது. நெடுங்காலம், மாடு மேய்த்தவரும் விறகு பொறுக்கிய ஏழைகளுமே பிச்சாவரத்தை அழித்தனர் என்று ஆவணங்கள் கூறின. பின்னர் 1990-களில் எம்.எசு. சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலராட்சிக் காலத்தில் தொடங்கி, அவர் போனபின்னும் சில பத்தாண்டுகள், அரசே காட்டைக் கூறுகூறாக வகுத்து, முறைவைத்து மொட்டையாக வெட்டி விற்றது. நிழலிழந்த சேறு வெயிலிற் காய்ந்து இறுகித் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. இக் கரையில் ஓதம் மூன்றடிக்கு மேல் ஏறுதல் அரிது. ஆகவே ஏறிய உப்புநீர் தொட்டியில் தங்கிற்று. வடிந்து செல்ல வழியின்றி வற்றிற்று. உப்பு மேன்மேலும் திரண்டு கடலினும் கரிப்பாயிற்று. அதில் எவ் விதையும் முளைக்கவில்லை. வெட்டியது கோடரியேந்திய அரசு. பழி சுமந்தது கயிறேந்திய மாட்டுக்காரன்!

கரணியம் விளங்கியபின் மருந்தும் விளங்கிற்று. வெறுந்தொட்டியான நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால்களைத் தோண்டி, ஓதநீர் ஏறவும் இறங்கவும் வழிசெய்து, அக் கரைகளில் ஊர்மக்களைக் கொண்டே கண்டல் நட்டனர். முன்னர்ப் பாலையாகக் கிடந்த இடங்கள் பசுமையாயின. இன்று அரசு விழாக்களில் நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வார் இதிற் கற்கவேண்டியது உண்டு. கண்டலுக்கு முதலில் வேண்டுவது நீரோட்டம். நாற்று அதன் பின்னரே. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தமிழகக் கடற்கரையில், 2021-ஆம் ஆண்டின் நடுவணரசுக் காட்டறிக்கைப்படி, இக் காடு நிற்பது ஏறத்தாழ 45 சதுர கிலோமீட்டரே. 2022-இல் பிச்சாவரம் இராம்சார் உடன்பாட்டுப் பட்டியலில் ஏறியது. மகிழத்தக்கதே; ஆனால் பட்டியல் நீர் ஊற்றாது.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டிற்குப் பின்னிருந்த ஊர்கள் பிழைத்ததும், கடலை நேரே நோக்கிய திட்டூர்கள் அழிந்ததும் பலரும் அறிந்தவை. காடு ஒன்றே காத்தது என்பது மிகை. கடலுக்கும் ஊருக்கும் உள்ள தொலைவும் நிலத்தின் மேட்டுமையும் உதவின என்று ஆராய்ச்சியாளர் சிலர் மறுத்துள்ளனர். அம் மறுப்பை மறைக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் வரும் அலையையும் காற்றையும் வேர்ப்பின்னல் தணிக்கின்றது, மண்ணைப் பற்றி நிறுத்துகின்றது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. 2018 நவம்பரில் கசாப் புயலின் அடியை முத்துப்பேட்டைக் காடு தானே முன்னின்று வாங்கி முறிந்து விழுந்தது.

காட்டின் விளிம்புகளில் இறாற்பண்ணை முதலாளிகள் செய்த கேடு தனிக்கதை. கடலோர உழவரும் மீனவரும் போராடிப் பெற்ற 1996 திசம்பர் 11 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லிற்று. 2005-இல் தில்லி தனிச்சட்டம் இயற்றிப் பதிவு என்னும் பெயரால் அவற்றிற்கு வாழ்வு தந்தது. வழக்காடி வென்ற ஏழைகள் சட்டத்தால் தோற்றனர்.

உழவரைக் காட்டிற்கு எதிரே நிறுத்துவது சிலர்க்கு எளிதாய் இருக்கின்றது. நெல்லுக்கு இல்லாத நீர் சேற்று மரத்திற்கா என்று கேட்பர். கொள்ளிடக் கடைமடை உழவர் சொல்வதைக் கேட்டால் அவ் வினா எழாது. மணல் அள்ளப்பட்டு ஆற்றின் படுகை தாழ்ந்தமையால் கடல்நீர் உள்ளேறிக் கிணறுகள் உவர்த்துவதே அவர்தம் துயர். அவ் உவர்நீரைத் திரும்பத் தள்ளுவது மேலிருந்து வரும் நன்னீர்தான். கடலுக்குச் செல்லும் நீர், செல்லும் வழியிலேயே உழவனின் கிணற்றைக் காத்துவிட்டுச் செல்கின்றது. ஆதனூர்–குமாரமங்கலம் இடையே கொள்ளிடத்திற் கதவணை எழுப்பியதும் இக் கவலையினால்தான். கதவணை தீதன்று. கதவை எப்போது திறப்பது என்னும் கணக்கில் அதன் கீழுள்ள கழிமுகமும் இடம்பெறல் வேண்டும் என்பதே கேட்பது.

இக் கணக்கிற்கு வழியில்லாமல் இல்லை. 2007 பிப்பிரவரி 5-இல் காவிரித் தீர்ப்பாயம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது, மாநிலங்களின் பங்கிற்குப் புறம்பாக 10 டி.எம்.சி.யை இயற்கைச் சூழற் காப்பிற்கென்றும், 4 டி.எம்.சி.யைத் தவிர்க்கவியலாது கடலுக்குச் செல்வதென்றும் ஒதுக்கிற்று. பிலிகுண்டுலுவிற் கருநாடகம் தரவேண்டிய 192 டி.எம்.சி.யில் அந்தப் 10 அடங்கும். 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 192-ஐ 177.25 ஆகக் குறைத்துத் தமிழர்க்கு இழப்பு விளைத்தது. அத் தீர்ப்பும் 10-இல் கைவைக்கவில்லை. திங்கள் வாரியான அட்டவணையில் அது பிப்பிரவரி முதல் மே வரை திங்களுக்கு 2.5 டி.எம்.சி. என நிற்கின்றது.

குறைந்த 14.75-க்காக எழுந்த முழக்கம் முறையானது. இன்னும் உரத்து எழவேண்டியது. வரும் 10 எங்கே செல்கின்றது என்று கேட்ட மேடை அரிது. இது கருநாடகத்தைக் கேட்கவேண்டிய வினா அன்று. தமிழ்நாட்டு நீர்வளத் துறையைக் கேட்கவேண்டிய வினா. கொளுத்தும் கோடையில் மேட்டூரினின்று விடும் சிறுநீரோட்டத்தைக் கொள்ளிட மணலே குடித்துவிடும் என்று பொறியாளர் கூறக்கூடும். கூறட்டும். அவ்வாறாயின், அவ் அளவைத் தை இறுதியில் ஆறு ஈரமாய் இருக்கும்போதே அணைக்கரைக்குக் கீழே விடலாமா, வாய்க்கால் வழியே கழிக்குச் சேர்க்கலாமா என்று அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும். மேட்டூர் அணையைப் பாசனத்திற்கு மூடுவது வழமையாகச் சனவரி 28. மீண்டும் திறப்பது சூன் 12. இடைப்பட்ட அந்த நான்கரைத் திங்களில்தான் பிச்சாவரத்துக் கழியில் உப்பு ஏறுகின்றது.