கைக்கு ஏற்ற வில்

சென்ற மாதம் வாலாஜாபாத்தில் உள்ள என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காஞ்சீபுரத்துக்கு இவ்வளவு சமீபத்தில் போகிறோமே, திரும்பும்போது ஒரு பட்டுப் புடவைச் செலவு தப்பாது என்று எதிர்பார்த்தேன். வந்த ஆபத்தோ வேறு வகையைச் சேர்ந்தது. காலைக் காப்பி முடிந்ததும் என் மருமான் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இந்த வில்லை வாங்கப் போகிறேன். காம்பவுண்ட் வில். வேட்டைக்கென்றே செய்தது. எழுபது ராத்தல் இழுவிசை!"

பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வில்லின் விலை அவனுடைய பல மாதச் சம்பளம். "நீயே தீர்ப்புச் சொல்லு, அப்பா" என்றாள் தமக்கை. எனக்கு அந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது என்பதையே நடுநிலைமைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டாள் போலும்! தீர்ப்புச் சொல்வதற்காக நான் விசாரித்து அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வில் கேட்கும் பிள்ளைகள் மற்ற வீடுகளிலும் இருக்கக்கூடும் அல்லவா?

வில் நமக்குப் புதிதல்ல. சேர மன்னர்களின் இலச்சினையே வில்தான். ஆனால் பழைய வில்லில் ஒரு சங்கடம் உண்டு. நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்து, மூச்சை அடக்கிக் குறி பார்க்க வேண்டிய சமயத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார். வில்லின் இரு நுனிகளிலும் கிணற்றுக் கப்பி போன்ற உருளைகளைப் பூட்டினார். அவற்றின் அச்சை மட்டும் நடுமையத்தில் வைக்காமல் சற்று விலக்கி வைத்தார். 1966-ல் விண்ணப்பித்து, 1969-ல் காப்புரிமை பெற்றார். இந்த உருளைகள் திரும்பி முடிந்ததும் பாரம் சட்டென்று இறங்கிவிடுகிறது. ஐம்பது ராத்தல் வில்லில் நூற்றுக்கு எண்பது பங்கு இறங்கினால், குறி பார்க்கும்போது விரலில் நிற்பது பத்து ராத்தல்தான். இதுவே காம்பவுண்ட் வில்லின் இரகசியம்.

"அப்படியானால் வாங்கலாம் என்கிறீர்கள்!" என்று துள்ளினான் மருமான்.

"எதை வேட்டையாடப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"முயல், கௌதாரி... காட்டுப்பன்றி பயிரை அழிப்பதாகப் பத்திரிகையில் தினமும் வருகிறதே!"

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்நாட்டில் இடமே வைக்கவில்லை. முயலும் கௌதாரியும்கூட அதன் பாதுகாப்பில் அடங்கியவை. கொல்வதும் கண்ணி வைப்பதும் மட்டுமன்று, அவற்றுக்கான முயற்சியும் அச்சட்டத்தில் வேட்டை என்றே கருதப்படும். ஆகவே அம்பு குறி தவறியது என்று சொல்லித் தப்ப முடியாது! 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம், சிறைவாசமும் உண்டு. பயிரை அழிக்கும் விலங்கானாலும், வனத்துறை அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் அதன்மேல் கை வைக்கக் கூடாது.

சட்டத்தைக் காட்டிலும் பழைய பாடம் ஒன்று வாலாஜாபாத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வேடந்தாங்கல். பெயரிலேயே வேடன் இருக்கிறான். ஆனால் அந்த ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சுட விடாமல் காத்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்கள் கண்ட அனுபவம். 1798-ல், கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயரிடமிருந்து, பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்கள் எழுத்து மூலம் பெற்றார்கள். நம் சட்டம் பிறப்பதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் கிராமத்தார் செய்த காரியம் இது.

மருமான் முகம் வாடிப் போயிற்று. "வேட்டை வேண்டாம், மாமா. இதே வில்லை வைத்துக்கொண்டு பந்தயத்தில் எய்கிறேன்" என்றான்.

அதுவும் நடவாது! சர்வதேசப் போட்டி விதிகளின்படி காம்பவுண்ட் வில்லின் இழுவிசை அறுபது ராத்தலுக்கு மேற்படக் கூடாது. எழுபது ராத்தல் வில்லை எவ்வளவு தளர்த்தினாலும் பெரும்பாலும் அறுபதுக்குக் கீழே இறங்காது. தவிர, வேட்டை வில்லின் அமைப்பே வேறு. புதர்களுக்கிடையே தூக்கித் திரிவதற்காக அதைக் குட்டையாகச் செய்கிறார்கள். குட்டை வில்லில் கை இம்மி அசைந்தாலும் அம்பு விலகும். போட்டி வில் நீளமானது. கையின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தில் அம்பு தைக்க வேண்டுமென்றால் இந்தப் பொறுமை அவசியம்.

பிறகு வில்லை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிந்த வில்வித்தைப் பயிற்சியாளர் ஒருவரிடம் பையனை அழைத்துப் போனேன். தங்கையும் வருவேன் என்று புறப்பட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிறாள்.

பயிற்சியாளர் முதலில் வில்லைக் காட்டவே இல்லை. அளவு நாடாவை எடுத்தார். இருவரையும் சுவரோடு நிற்க வைத்துக் கைகளை விரிக்கச் சொன்னார். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை எத்தனை அங்குலமோ, அதை இரண்டரையால் வகுத்தால் இழுநீளம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். பையனுக்கு எழுபது அங்குலம்; ஆகவே இருபத்தெட்டு. பெண்ணுக்கு அறுபத்தைந்து, ஆகவே இருபத்தாறு. காம்பவுண்ட் வில்லில் நாண் ஒரு குறிப்பிட்ட நீளத்தோடு நின்றுவிடும். அந்த நீளம் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் எத்தனை விலை கொடுத்தாலும் வீண்தான்.

அடுத்தபடி கண். இரு கைகளாலும் சிறு துவாரம் அமைத்து, அதன் வழியே தூரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். எந்தக் கண் திறந்திருக்கும்போது மரம் மறையவில்லையோ அதுவே தலைமைக் கண். வலக்கை வில்லா, இடக்கை வில்லா என்பதைத் தீர்மானிக்கும்போது இதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பாரம். பையனை நாற்காலியில் உட்கார வைத்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஐம்பது ராத்தல் வில்லைக் கொடுத்தார். வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல், குறிக்கு நேரே வைத்தபடி மெதுவாக இழுக்க வேண்டும். பையனுடைய வில் மேலே மேலே போயிற்று, முகம் சிவந்தது, நாண் பாதி வழியில் நின்றது. நாற்பது ராத்தல் வில்லை ஒருவாறு இழுத்தான்.

"எழுபது ராத்தலோடு ஆரம்பித்திருந்தால் தோள் கெட்டிருக்கும், தம்பி" என்றார் பயிற்சியாளர். "நாற்பதிலிருந்து ஐம்பது வரை ஏற்றக்கூடிய வில்தான் உங்களுக்குச் சரி." அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது என்றும் எச்சரித்தார். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லின் மேலேயே பாய்ந்து அதை உடைத்துவிடுமாம். அம்புகளையும் வில்லின் இழுவிசைக்கும் இழுநீளத்துக்கும் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பையன் பேசவே இல்லை. நான்தான் பேச்சுக் கொடுத்தேன். 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களும் நம் நாட்டுக்கே கிடைத்தன. அவற்றில் மூன்றில் விஜயவாடாவின் ஜோதி சுரேகா வென்னத்துக்குப் பங்கு உண்டு. அதே ஆண்டு பெர்லினில் உலக சாம்பியன் ஆன அதிதி சுவாமிக்கு வயது பதினேழு. பிறவியிலேயே கைகள் இல்லாத ஷீதல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் பெற்றார். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் போட்டி முதல் தடவையாக இடம் பெறுகிறது.

"கையே இல்லாமலா, மாமா?" என்று கேட்டது பையன் அல்ல, தங்கை.

அன்றிரவு தீர்ப்புச் சொன்னேன். இப்போது வில் வாங்க வேண்டாம். மூன்று மாதம் மைதானத்து வில்லிலேயே பழகட்டும். பிறகு அளவு பார்த்து வாங்கலாம். தமக்கைக்குப் பரம திருப்தி. பையன் அரை மனத்தோடு சம்மதித்தான்.

நேற்றுத் தமக்கை தொலைபேசியில் பேசினாள். ஞாயிறு தவறாமல் இருவரும் மைதானத்துக்குப் போகிறார்களாம். பையன் இப்போது நாற்பது ராத்தலை வில் உயராமல் இழுக்கிறானாம். "ஆனால் ஒரு சங்கடம், அப்பா" என்றாள், "இலக்கில் அதிகமாகத் தைப்பது அவள் அம்புதான். மூன்று மாதம் கழித்து நீ வந்து, யாருக்கு வில் வாங்குவது என்று இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்!"