சைக்கிளும் பஸ்ஸும் மாறி வரும் சிப்பந்திகள்

மதுரை கீழமாசி வீதியில் நாம் கடை திறப்பது காலை ஒன்பதுக்கு. சிப்பந்திகளோ ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். கிராமத்திலிருந்து மெயின் ரோடு வரை சைக்கிள், அங்கே அதைப் பூட்டிவிட்டு டவுன் பஸ், பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி நடை. பஸ் நிரம்பி, நிற்காமல் போனால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். படியில் தொங்கி வந்தவனுக்குப் பத்து நிமிடத் தாமதத்திற்காக அரை நாள் சம்பளம் பிடிக்கிறோம். நாமும் பிடித்தவர்தான், மறைப்பானேன்?

சென்ற மாதம் நமது கடையில் எடை போடும் பையனின் சைக்கிள் களவு போயிற்று. ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க, டீக்கடை ஓரம் நிறுத்தியிருக்கிறான். மூன்று நாள் நடந்து வந்து பஸ் பிடித்தான். நாலாம் நாள் வரவில்லை. ஊர்ப் பக்கமே வேலை தேடிக்கொண்டான். துவரம் பருப்பைக் கையில் அள்ளியதுமே ரகம் சொல்லுகிறவன். அப்படி ஒருவனைத் தயார் செய்ய நமக்கு மூன்று வருஷம் ஆகும்.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பருப்பு புடைக்க வரும் பெண்களுக்குக் காசு மிச்சம், நெரிசல் குறையவில்லை.

அதே ஆண்டு சிப்பந்திகளுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது முணுமுணுத்துக்கொண்டேதான் ஸ்டூல் வாங்கினோம். வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு செலவைக் கடையே ஏற்கலாம். பாதிப்பேர் ஒன்பதுக்கும் மீதிப்பேர் பத்துக்கும் வரட்டும். முந்தி வந்தவர் இரவு முந்திப் போகட்டும். லாரி வாடகை ஏறினால் உடனே கூடும் நமது சங்கம், காலையில் கூடுதல் பஸ் கேட்டு ஒரு மனு கொடுக்கக் கூடாதா? அடுத்த பொதுக்குழுவில் இதைக் கேட்கப் போகிறோம்.